‘அடுத்து’ பொத்தானை அழுத்தினால் உணவியல் வருமா? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உணவியல் பட்டப்படிப்பின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

செய்முறை வகுப்புகளில் ஒரு பகுதியைக் கணினிவழிப் பாடங்களுக்கு மாற்றலாம் என்று நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் வரைவைப் படித்தேன். ஆசிரியர்களின் கருத்தையும் கேட்டிருக்கிறீர்கள். படிவத்தில் அதற்கு விட்டிருந்த கட்டம் நான்கு வரிக்கு மேல் இடம் தரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் பல ஆண்டுகளாக வகுப்பில் பாடம் எடுக்கிறவள்; பயிற்சி மாணவர்களை வார்டுக்குக் கூட்டிப் போகிறவள். கணினிக்கு எதிரி என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு நோயாளியின் ஒரு நாள் உணவைக் கணக்கிட, அட்டவணைப் புத்தகமும் கால்குலேட்டருமாக மாலை முழுவதும் உட்கார்ந்த தலைமுறை நாங்கள். அந்த மாலைகள் திரும்ப வேண்டாம். கணினி வரட்டும். அதனிடம் எந்த வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதில்தான் எனக்குப் பயம்.

சில மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, சிறுநீரக நோய்க்கான கணினிப் பாடத்தை முழு மதிப்பெண்ணோடு முடித்தவள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்த ஒரு பெரியவரிடம் அவளை அனுப்பினேன். “நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க ஐயா?” என்று கேட்டாள். “வழக்கம்போலத்தாம்மா” என்றார். மென்பொருளில் ‘வழக்கம்போல’ என்று ஒரு தெரிவு இல்லை. அதற்குப் பக்கத்தில் எது வருமோ அதைத் தட்டினாள். பத்து நிமிடத்தில் அவருடைய ஒரு நாள் பொட்டாசியம், இரண்டு தசம இடங்களோடு, திரையில் வந்துவிட்டது. வரம்புக்குள்தான் இருந்தது. “சாப்பாட்டால வந்ததில்ல மேடம்” என்றாள் என்னிடம், நிம்மதியாக.

நான் போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் உப்பு எப்படி என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் முகத்தில் ஒரு பெருமிதம். உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து சாதாரண உப்பை அவர் தொடுவதில்லையாம். சோடியம் குறைந்த உப்புதான். அதில் ருசி போதாததால் கொஞ்சம் தாராளமாகவே. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த உப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதன் ஒரு கிராமில் சுமார் 520 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் இருப்பதைவிட அதிகம். வாழைப்பழத்தைத் தொடாதீர்கள் என்று அவருக்கு அச்சிட்ட தாள் கொடுத்திருந்தோம். அவரும் தொடவில்லை.

மாணவிமேல் தவறில்லை. அவள் படித்த பாடத்தை நானும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் எழுத்து, அதையே படித்துக் காட்டும் ஒரு குரல், கீழே ‘அடுத்து’ என்று ஒரு பொத்தான். நாற்பது பக்கம் இப்படி. முடிவில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். தப்பாகத் தட்டினால் சிவப்புக் குறி வரும். சரியானது வரும்வரை தட்டிக்கொண்டே இருக்கலாம். ‘கீழ்க்கண்டவற்றுள் பொட்டாசியம் மிகுந்தது எது?’ என்பதில் அவள் தவறவே இல்லை. ஆனால் வார்டில் எந்த நோயாளியும் நான்கு விடைகளோடு படுத்திருப்பதில்லை.

ஏட்டுச் சுரைக்காய்ப் பழமொழியை இங்கே இழுக்க நினைத்துக் கைவிட்டேன். இந்தத் திரைச் சுரைக்காய்க்குச் சத்து அட்டவணைகூட இருக்கிறது, அதனால் இன்னும் நம்பும்படி இருக்கிறது.

பாடம் முடிந்த கையோடு வைக்கும் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்க வைத்தார்கள். ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பகுதியை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம்முடைய பாடங்கள் தரும் முழு மதிப்பெண் அந்த ஐந்து நிமிட மதிப்பெண்தான். அதை ‘திறன் பெற்றார்’ என்ற பத்தியில் ஏற்றிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது உங்கள் வரைவு.

கணினிவழிக் கற்றல் தொடங்கியபோது அதன் கனவு வேறாக இருந்தது. 1960-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்ற அமைப்பை உருவாக்கியவர்கள், மாணவர் என்ன விடை சொல்கிறாரோ அதைப் பொறுத்து அடுத்த அடி வைக்கும் இயந்திரத்தை விரும்பினார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நமக்கு விற்க வருவதோ பக்கம் புரட்டும் இயந்திரம்.

சரி, எதற்குத்தான் கணினி வேண்டும் என்கிறேன்? வார்டில் நடக்கவே கூடாத ஒன்றை நடத்திக் காட்டுவதற்கு.

எக்செல்லில் நானே ஒரு கேஸ் கட்டி வைத்திருக்கிறேன். படம் இல்லை, குரல் இல்லை, பார்க்க அழகாகவும் இல்லை. 40 கிலோ எடையுள்ள ஒரு பெண், பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் குறியீடு) 15, பன்னிரண்டு நாளாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடவில்லை. குழாய் வழியாக உணவு தொடங்க வேண்டும். முதல் நாளைக்கு எத்தனை கிலோகலோரி? விடைகள் எதையும் தருவதில்லை; வெறும் கட்டம்தான். மாணவர்கள் பெரும்பாலும் கிலோவுக்கு 30 வைத்து 1,200 என்று போடுகிறார்கள். இரக்கமுள்ள சிலர் கூடவே கொஞ்சம் சேர்த்தும் போடுகிறார்கள், பாவம் இவ்வளவு நாள் பட்டினி கிடந்தாளே என்று.

திரை அதற்குச் சிவப்புக் குறி காட்டாது. ‘இரண்டாம் நாள் காலை’ என்று மட்டும் காட்டும். கூடவே இரத்தப் பரிசோதனை முடிவுகள். பாஸ்பேட் லிட்டருக்கு 0.9 மில்லிமோலிலிருந்து 0.6 ஆகியிருக்கும். பார்க்கிறவர்கள் சிலர்தான். பலர் குளுக்கோஸைப் பார்த்துவிட்டு, உணவை நன்றாக ஏற்றுக்கொள்கிறாள் என்று எழுதி அளவைக் கூட்டுவார்கள். மூன்றாம் நாள் பாஸ்பேட் 0.3. பொட்டாசியமும் மெக்னீசியமும் சரிந்திருக்கும். கால் வீக்கம், மூச்சுத்திணறல், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை. அந்த இடத்தில் வகுப்பில் பேச்சு நின்றுவிடும்.

அப்போதுதான் பாடத்தைத் தொடங்குவேன். பட்டினியில் கொழுப்பை எரித்துக்கொண்டிருந்த உடலுக்குத் திடீரென்று மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் எழுகிறது. அது குளுக்கோஸோடு பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே வறண்ட கையிருப்பு. இரத்தத்தில் மிச்சம் இருப்பதில்லை. தயமின் (வைட்டமின் பி1) செலவும் கூடுகிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்தது இதனால்தான். இப்படி ஆபத்து மிகுந்தவர்களுக்குக் கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, 4 முதல் 7 நாளில் மெதுவாக முழு அளவை எட்டு என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி. நம் நோயாளிக்கு அது 400. பி.எம்.ஐ. 14-க்குக் கீழே இருந்தாலோ, பதினைந்து நாளுக்கு மேல் உணவில்லாமல் இருந்தாலோ கிலோவுக்கு 5 தான்.

‘400 தானா?’ என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். புத்தகத்தில் அதே எண்ணைப் படித்தபோது யாரும் கேட்டதில்லை. தன் கையால் 1,200 போட்டு, அந்தப் பெண் மூன்றாம் நாள் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. இந்தத் தவறை நிஜ வார்டில் செய்ய நாங்கள் விடமாட்டோம், விடவும் கூடாது. எனவே கணினி இல்லாவிட்டால் இதை ஒரு மாணவர் தன் தவறாக ஒருபோதும் அனுபவிக்கப் போவதில்லை. ஐந்து நாளை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கி, யாருக்கும் கேடில்லாமல் தவறு செய்யவிட்டு, மறுபடி முதல் நாளுக்குத் திரும்பவும் வழி தருகிறதே, அந்த வசதிக்காகத்தான் அதற்குப் பணம் கொடுக்கலாம் என்கிறேன். நாற்பது பக்கம் படித்துக் காட்டுவதற்கு ஒரு பழைய புத்தகம் போதும்.

இன்னொன்று, கணக்கு. மென்பொருள் கணக்குப் போடுவது நல்லதுதான், போடும் விதத்தை மறைக்காதவரை. 40 வயது, 60 கிலோ, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி ஓய்வுநிலைத் தேவை 1,239 கிலோகலோரி. 1919-ஆம் ஆண்டின் ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 1,338. நூறு கிலோகலோரி வித்தியாசம். எந்தச் சூத்திரம் என்று சொல்லாமலே ஒற்றை எண்ணை நீட்டும் மென்பொருள் எதைக் கற்றுக்கொடுக்கும்? இதைவிட வேடிக்கை அடுத்த படியில் இருக்கிறது. அந்த 1,239-ஐ உடலுழைப்புக்காக 1.2-ஆல் பெருக்கினால் 1,487, 1.4-ஆல் பெருக்கினால் 1,735. வித்தியாசம் 248. சூத்திரத்துக்காக வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். அதைப்போல் இரண்டரை மடங்கு பிசகு, ‘இவர் எவ்வளவு நடமாடுகிறார்’ என்ற ஊகத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டு சூத்திரத்தையும் அருகருகே வைத்து, பெருக்கும் எண்ணை மாணவரே நகர்த்திப் பார்க்கும்படி ஒரு திரை இருந்தால் இது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். கரும்பலகையில் என்னால் இவ்வளவு வேகமாகக் காட்ட முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை: முதல் சில கேஸ்களைக் கையால் போட்டுவிட்டு வரட்டும். இல்லையென்றால் 1,735 வர வேண்டிய இடத்தில் 17,350 வந்தாலும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

உணவுத் தரவுத்தளங்களில் ஒரு பொறி இருக்கிறது. ஓர் உணவில் ஒரு சத்தை யாருமே அளந்து பார்க்கவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். மென்பொருள்கள் பலவும் கூட்டும்போது காலியைச் சுழியமாக எடுத்துக்கொள்கின்றன. ‘தெரியாது’ என்பது ‘இல்லை’ ஆகிவிடுகிறது. நோயாளிக்குத் துத்தநாகம் குறைவு என்று மாணவர் எழுதுவார். உண்மையில் குறைவாக இருப்பது தரவு. சமைக்காததா, சமைத்ததா என்ற குழப்பம் தனி. 100 கிராம் அரிசியில் 360 கிலோகலோரி அளவுக்கு இருக்கும், 100 கிராம் சோற்றில் 130 அளவுக்கு. தமிழில் இரண்டுக்கும் இரண்டு சொல் இருப்பதால் நாம் தப்பிக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லோடு நீளும் பட்டியலில் அவசரத்தில் தேடுகிறவர் கதி அதோ கதிதான்.

எண்ணைச் சந்தேகப்படுவது உணவியல் மாணவருக்குப் புதிதல்ல. 1933-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் சமையலறையில், உணவியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த எல்சி விடோசன், அங்கே இறைச்சி வெந்து எவ்வளவு இழக்கிறது என்று அளந்துகொண்டிருந்த மருத்துவர் ராபர்ட் மெக்கன்ஸைச் சந்தித்தார். பழங்களில் ஃபிரக்டோஸ் இவ்வளவு என்று மெக்கன்ஸ் சொல்லியிருந்த அளவுகள் தப்பு, உங்கள் முறையில் அமிலம் அதில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுகிறது என்று நேரிலேயே சொன்னார். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், சொல்லத் தெம்பு இருந்தது. மெக்கன்ஸ் கோபித்துக்கொள்ளாமல், அந்த வேலையைத் திருத்திச் செய்ய அவருக்கே நிதி வாங்கித் தந்தார். 1940-இல் இருவரும் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைகளிலிருந்து வளர்ந்ததுதான் பிரிட்டனின் இன்றைய உணவுத் தரவுத்தளம். மென்பொருள் சொன்னதை மாணவர் எதிர்த்துக் கேட்க ஒரு வழி, ‘இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு அளந்தது’ என்று பார்க்க ஒரு பொத்தான், நீங்கள் வாங்கப் போவதில் இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள்.

ஆண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மிடம் ஏற்கெனவே உள்ள பாடம் ஒன்று, ஊட்டக் குறைவுக்கு அடையாளமாக இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கச் சொல்கிறது. அல்புமின் அழற்சியால் குறைகிறது, அதை ஊட்ட நிலையின் அளவுகோலாக வைக்க வேண்டாம் என்று துறை முடிவுக்கு வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பாடம் மாறவில்லை. மாற்ற யாருக்கும் உரிமையும் இல்லை, உறை பிரிக்காமல் வாங்கியதுபோல் வாங்கி வைத்திருக்கிறோம். நான் மேலே சொன்ன கேஸிலேயே பாருங்கள்: 2020-இல் அமெரிக்காவின் ஆஸ்பென் என்ற மருத்துவ ஊட்டத் துறை அமைப்பு முதல் 24 மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 கிலோகலோரி வரை இடம் கொடுத்தது. இரண்டு வழிகாட்டிகளையும் தேதியோடு மாணவர் முன் வைத்து விவாதிக்கலாம், என் எக்செல்லில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். பூட்டிய பாடத்தில் முடியாது.

இனி, கணினிக்குக் கொடுக்கவே கூடாத மணி நேரங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கான திரவத்தின் கெட்டித்தன்மையை எடுத்துக்கொள்வோம். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச முறையில் திரவத்துக்கும் உணவுக்கும் சேர்த்து 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். திரவம் எந்த நிலை என்று பார்க்க ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மில்லி ஊற்றி, பத்து நொடி ஓடவிட்டு, மிச்சத்தை அளக்க வேண்டும். 1 முதல் 4 மில்லி நின்றால் முதல் நிலை, 4 முதல் 8 வரை நின்றால் இரண்டாம் நிலை. இதற்குக் காணொளி இருக்கிறது, நல்ல காணொளிதான். ஆனால் கெட்டியாக்கும் பொடியைக் கலந்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் அது இன்னும் கெட்டியாகியிருக்கும். குளிர்ந்தால் ஒரு மாதிரி, பாலில் ஒரு மாதிரி. இதைக் கிண்டிய கைதான் அறியும். ஒரு வாய் குடித்துப் பார்த்தால், நோயாளி ஏன் மிச்சம் வைக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். சமையலறைச் செய்முறை நேரத்திலிருந்துதான் வரைவு வெட்டுகிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நான் ஸ்லைடு போட்டுப் படிக்கும் விரிவுரைகளில் வெட்டுங்கள். யாரும் வருத்தப்பட மாட்டார்கள், நான் உட்பட.

நோயாளியிடம் கேட்டறிவதில் கணினி பாதி வழி வரும். முந்தைய நாள் உணவை ஐந்து சுற்றாகக் கேட்கும் முறையில் ‘மறந்த உணவுகள்’ என்றே ஒரு சுற்று உண்டு. அதைத் தவறவிடாமல் நினைவூட்டக் கணினி உதவும். ‘வழக்கம்போலத்தான்’ என்று பிடிகொடுக்காமல் பேசும் ஒரு போலி நோயாளியைத் திரையில் உருவாக்கினால் பழகிக்கொள்ளலாம். அதற்குமேல் பெரியவரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, யாரும் எழுத்தில் வைக்காத ஒரு எதிர்பார்ப்பு: கணினி வந்தால் ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்கலாம். எங்கள் அனுபவம் நேர்மாறு. அந்த ஒரு கேஸில் இருபது மாணவர்கள் எங்கெங்கே, ஏன் தடம் மாறினார்கள் என்று படித்துப் பார்க்க எனக்கு ஒரு மாலை ஆகிறது. ‘பாஸ்பேட்டைப் பார்த்தேன், ஆய்வகப் பிழை என்று நினைத்தேன்’ என்று ஒருவர் எழுதியிருப்பார். அதற்கு எந்த இயந்திரமும் மதிப்பெண் போட முடியாது. அடுத்த வகுப்பே அதிலிருந்துதான் பிறக்கும். அந்த மாலையைப் பணி நேரமாகக் கணக்கில் எடுங்கள்.

வாங்குவதற்கு முன் அரை நாள் ஒதுக்கிக் குழுவினர் எல்லோரும் மாணவர்போல் உட்கார்ந்து அந்தப் பாடங்களைப் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தப்பு விடைகளை வேண்டுமென்றே கொடுத்துப் பாருங்கள். தப்புக்குப் பிறகு திரையில் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு நேரம் இருந்தால் எங்கள் துறைக்கும் வாருங்கள். என் எக்செல் கேஸின் முதல் நாள் கட்டத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன். எண் என்ன என்பதை இந்த மடலில் சொல்லிவிட்டேனே என்று யோசிக்காதீர்கள். உங்களுக்காக நோயாளியை மாற்றியிருப்பேன்.

மரியாதையுடன்,
உணவியல் ஆசிரியை ஒருத்தி